ஊசி தனி, மூடி பொது

பிப்ரவரி 6, செவ்வாய்

காலையிலிருந்து செக்கிங் டேபிளுக்கு ஒரே ஆயில் கறை பீஸாக வந்தது. ஸ்டிக்கர் ஒட்டி ஒட்டி விரல் நுனியெல்லாம் பிசுபிசு. சூப்பர்வைசர் வந்து, “ஏனுங்க சாரதாமணி, நீங்க இப்பிடி ஒதுக்குனா ஷிப்மென்ட்டுக்கு என்னத்தைங்க அனுப்பறது?” என்றான். கறை என் கண்ணிலா இருக்கிறது, துணியில் இருக்கிறது, போய்த் துவைத்துக் கொண்டு வாருங்கள் என்றேன். பக்கத்து டேபிளில் சிரித்தார்கள்.

வீட்டுக்காரர் போதை மீட்பு மையத்தில் மாத்திரை போட்டுக்கொண்டுதான் வேலைக்குப் போனார். நாக்குக்கு அடியில் வைத்து, கரைகிற வரைக்கும் நர்சு முன்னால் உட்கார்ந்திருக்க வேண்டும். அதுவரை பேசக் கூடாதாம். இவர் வாயை மூட ஒரு மாத்திரை இருக்கிறதென்று தெரிந்திருந்தால் கல்யாணமான மறுநாளே வாங்கிக் கொடுத்திருப்பேன். கேலி இருக்கட்டும். அந்த மாத்திரை வந்த பிறகுதான், தீபாவளியிலிருந்து, கையில் புதிதாக ஊசித் தடம் இல்லை. இரண்டு ஷிப்டு பார்த்த தோள்வலிக்கு மாத்திரை என்று ஆரம்பித்தது, அப்புறம் அதையே ஊசியில் ஏற்றுவது என்று ஆகி, இந்த வீட்டை ஆட்டி வைத்துவிட்டது. இப்போது மனிதர் சாப்பிடுகிறார், தூங்குகிறார், அக்ஷராவை ஸ்கூல் பஸ் வரைக்கும் கொண்டுபோய் விடுகிறார். பத்தாவது படிக்கிற பெண்ணுக்கு அப்பா கூட வருவது வெட்கமாக இருக்கிறதாம். இருந்துவிட்டுப் போகட்டும்.

மையத்தில் இன்றைக்கு ரத்தம் எடுத்தார்களாம். எல்லோருக்கும் எடுப்பதுதான் என்றார்.

பிப்ரவரி 9, வெள்ளி

வந்துவிட்டது. எச்ஐவி.

சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவரும் இரண்டு எடுத்து உரித்தார். அப்போதே எனக்கு உறைத்தது. வெங்காயம் உரிக்கிற ஆளா அவர்? “சாரதா, ரிசல்ட்டு சொன்னாங்க” என்றார். மீதியை அவர் முகமே சொல்லிவிட்டது.

நான் என்ன பேசினேன் என்று முழுசாக ஞாபகம் இல்லை. கத்தினேன். எத்தனை தடவை தலைபாடா அடிச்சுக்கிட்டேன் – வேண்டாம், விட்டுருங்க, வேண்டாம்னு – கேட்டாரா? கேட்டாரா இந்த மனுஷன்? தட்டைத் தூக்கி எறிஞ்சிட்டேன். அவர் வெங்காயத்தை ஒண்ணொண்ணா பொறுக்கித் தட்டுல போட்டார். அதைப் பாக்கப் பாக்க இன்னும் கோவம் வந்துச்சு.

பிப்ரவரி 10, சனி

எனக்கு இல்லை. மூன்று மாசம் கழித்து இன்னொரு தடவை பார்க்க வேண்டுமாம்.

ரத்தம் பார்க்கிற நம்பிக்கை மையத்தில் நதியா என்று ஒரு பெண், ஆலோசகர். அவள்தான் எல்லாம் எடுத்துச் சொன்னாள். “மாத்திரைய உடாமப் போட்டா அண்ணன் மத்தவிங்க மாதிரியே ஆயுசுக்கும் இருக்கலாமுங்க. ரத்தத்துல கிருமி தெரியாத அளவுக்கு அடங்கிரும். அப்பறம் அவர்கிட்ட இருந்து உங்களுக்கும் வராதுங்க.” ஆயுசுக்கும் இவரோடு நான் மல்லுக்கட்ட வேண்டுமா என்று கேட்டேன். அவள் சிரித்தாள். இவரும் சிரித்தார். வெளியே பஸ் ஸ்டாப்பில் வந்து நின்றதும் எனக்கு அழுகை பொங்கிவிட்டது. வெயிலுக்குப் பிடிப்பது போல இவர் என் முகத்துக்கு நேராகக் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

சாயங்காலம் பார்த்தால், குளிக்கிற சோப்பை நூல் போட்டு இரண்டாக அறுத்து வைத்திருக்கிறார், ஒரு பாதி தனக்கென்று. சோப்பில் வராது என்று நதியா சொன்னபோது காது எங்கே போனது? இரண்டு பாதியையும் ஈரத்தோடு சேர்த்து அமுக்கி ஒட்டி வைத்துவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 13, செவ்வாய்

புது மாத்திரை ஆரம்பித்தாயிற்று. தலை சுற்றுகிறதாம். எலுமிச்சை ஜூஸ் போட்டுக் கொடுத்தேன். பேச்சுவார்த்தை இன்னும் இல்லை, ஜூஸ் மட்டும்தான்.

பிப்ரவரி 18, ஞாயிறு

அக்ஷரா டியூஷனுக்குப் போனதும் கேட்டேன். எப்படி வந்தது?

“ஊசிய மாத்திக்கவே இல்ல சாரதா, சத்தியமா. விட முடியாதவிங்களுக்குன்னு மையத்துல குடுக்கற புது ஊசி. அவிங்கவிங்களுக்குத் தனி. பழசக் குடுத்துட்டுத்தான் புதுசே வாங்குவோம்.”

எங்கள் கம்பெனியிலும் அதே சட்டம்தான். மெஷினில் ஊசி உடைந்தால், உடைந்த துண்டெல்லாம் பொறுக்கிக் கொடுத்தால்தான் புது ஊசி. ஒரு துணுக்கு துணியில் தங்கிவிட்டால் போட்டுக்கொள்கிற குழந்தையைக் குத்தும். ஊசியில் திருப்பூர்க்காரனுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். அப்புறம் எப்படி?

கேட்டுக் கேட்டுத்தான் வெளியே வந்தது. ஊசி தனி, ஆனால் மருந்து கலக்குகிற மூடி ஒன்றுதான். கூட்டாக வாங்குவது, ஒரே மூடியில் கலப்பது, அவரவர் ஊசியை அதில் விட்டு எடுப்பது. ஒரு தடவை குத்தின ஊசியையே மறுபடி அதில் விடுவதும் உண்டாம். “ஊசிதான வில்லங்கம், மூடியில என்ன வரப்போவுதுன்னு இருந்துட்டோம்” என்றார். மூன்று வளர்ந்த ஆம்பிளைகள். மூன்று பேரும் ஊசியை வைத்துப் பிழைக்கிற தொழிலில் இருக்கிறவர்கள். ஊசியை மட்டும் பார்த்துக்கொண்டு மூடியை விட்டுவிட்டார்கள்.

மூன்று பேர் என்றால் லிங்கசாமி அண்ணன், முருகவேல், இவர். இவருடைய பவர்டேபிள் தையல் கூடத்துக்கு மேலே, கட்பீஸ் மூட்டை போடுகிற அறையில் கூடுவார்களாம். அதற்கு வரிசை வேறு உண்டு. லிங்கசாமி அண்ணன் வயசில் மூத்தவர், அதனால் அவருக்கு முதல். அடுத்து முருகவேல். இவர் எப்பவும் கடைசி.

“நீங்க ஏனுங்க கடைசி?”

“நம்ம எடத்துக்கு வந்தவிங்கல்ல? ஒறம்பரைக்குப் போட்டுட்டுத்தான ஊட்டுக்காரன் உக்காரோணும்.”

வீட்டுக்கு ஒறம்பரை வந்தால் ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துக் கொடுக்காத மனிதர். மரியாதையைக் கொண்டுபோய் எங்கே காட்டியிருக்கிறார்! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டிருந்தவள் எப்போது அழ ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை. முதுகைத் தடவிக் கொடுத்தார். இத்தனை நாளில் இன்றைக்குத்தான் கையைத் தட்டிவிடாமல் இருந்தேன்.

பிப்ரவரி 24, சனி

லிங்கசாமி அண்ணனிடம் இவரே போய்ச் சொல்லிவிட்டார். அவர் மறுவார்த்தை பேசாமல் இவர் கூடவே வந்து ரத்தம் கொடுத்தார். அவருக்கு இல்லை.

பொங்கலூர்த் தோட்டத்து முருங்கைக்காயை ஒரு கட்டு தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். “மூத்தவன் எனக்கு வராம உனக்கு வந்துருச்சே ரத்தினம்” என்று வாசற்படியிலேயே இவரைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவரும் நாக்கடி மாத்திரைக்குப் பேர் கொடுக்கப் போகிறாராம். “சத்தியமாச் சொல்றனுங்க அம்மிணி” என்றார். இந்த ஆட்களின் சத்தியத்தையெல்லாம் நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனாலும் முருங்கைக்காய் சாம்பார் வைத்துச் சாப்பிடச் சொன்னேன்.

பிப்ரவரி 25, ஞாயிறு

துணி அலசிக்கொண்டிருந்தபோதுதான் பளிச்சென்று பட்டது. கை அப்படியே நின்றுவிட்டது.

முதல் ஆளுக்கு இல்லை. கடைசி ஆளுக்கு இருக்கிறது. இவருக்கு வேறு யாரோடும் இந்தச் சகவாசம் கிடையாது. நடுவில் இருந்தது முருகவேல்.

முருகவேல் பெண்டாட்டி அனுப்ரியாவுக்கு ஏழாம் மாசம்.

என் செக்கிங் டேபிளில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த பெண் அவள். அக்கா அக்கா என்று உயிரை விடுவாள். மசக்கை தாங்காமல் கார்த்திகையில் வேலையை விட்டு நின்றாள். அடுத்த மாசம் பத்தாம் தேதி கட்டுச்சோறு விருந்து, கட்டாயம் வரணுமுங்க அக்கா என்று போன வாரம்தான் போன் பண்ணினாள்.

இவரிடம் சொன்னேன். இவருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கிறது. நான் யோசித்ததை இவரும் யோசிக்காமலா இருப்பார்? “அவங்கிட்ட நான் போவ மாட்டேன் சாரதா” என்றார்.

முருகவேல் ஐப்பசியிலேயே தானாக விட்டுவிட்டான். பெண்டாட்டி முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்த அன்றைக்கு. மாத்திரை, மையம் ஒன்றும் இல்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்து, தைப்பூசத்துக்கு மாலை போட்டுப் பழனிக்கு நடந்துவிட்டு வந்தான். விடும்போது இவர்களிடம் ஒன்று கேட்டானாம்: “ரோட்டுல பாத்தாலும் பாக்காத மாதிரி போயிருங்கண்ணா.” சரி என்று இவர்கள் வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். விட்டவன் வாசலுக்குப் போகக் கூடாது என்பது இவர்களுக்குள் பெரிய சட்டம். போனால் மறுபடி இழுத்துவிட்ட பாவம் வருமாம்.

மார்ச் 1, வெள்ளி

மதியச் சாப்பாட்டு நேரத்தில் நதியாவைப் போய்ப் பார்த்தேன். பேர் சொல்லாமல் கேட்டேன். ஒரு பெண், ஏழு மாசம், அவள் புருஷனுக்கு இருந்தால்?

முதலில் எடுத்த டெஸ்டில் இல்லை என்று வந்திருந்தாலும் பின்னால் வந்திருக்கலாமாம். இப்போதே தெரிந்து மாத்திரை ஆரம்பித்தால் குழந்தைக்குப் போகாமல் பெரும்பாலும் தடுத்துவிடலாம். ஒவ்வொரு வாரமும் முக்கியம் என்றாள். “நீங்க போய் அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லக் கூடாதுங்கக்கா. ஒருத்தர் விஷயத்தை இன்னொருத்தர் சொல்றது சட்டப்படியும் தப்பு, அந்தக் குடும்பத்துக்கும் ஆபத்து. அந்த அண்ணனைக் கூட்டிட்டு வாங்க. மீதிய நாங்க பாத்துக்கறோம்.”

கூட்டி வர வேண்டியவர் வீட்டில் உட்கார்ந்துகொண்டு வாக்கு வாக்கு என்கிறார்.

மார்ச் 3, ஞாயிறு

அனுப்ரியாவைப் பார்க்கப் போனேன். ஏன் போனேன்? பார்த்தால் தைரியம் வரும் என்றா, சொல்லிவிடலாம் என்றா? கொய்யாப்பழம் வாங்கிப் போனேன். அறுத்து உப்பும் மிளகாய்த்தூளும் போட்டுக் கொடுத்தேன். ஆசையாகத் தின்றாள்.

உடுமலைப்பேட்டையிலிருந்து அவள் அம்மா பழனியம்மாள் கட்டிக்கொண்டு வரப்போகிற சோறெல்லாம் சொன்னாள். புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு, தயிர்ச்சோறு, அது தவிர முறுக்கும் அதிரசமும். சாப்பிட்டு முடிந்ததும் அன்றைக்கே காரில் அம்மா வீட்டுக்குக் கிளம்பிவிடுவாளாம். பிரசவம் அங்கேதான். அங்கே போய்விட்டால் யார் அவளைத் திரும்ப ஊசி குத்தி ரத்தம் பார்க்கப் போகிறார்கள்?

“எட்டாம் மாசம் மறுபடி ரத்தம் பாக்கோணுமே கண்ணு?”

“எல்லாம் பாத்தாச்சுங்கக்கா. எல்லாமே நார்மல்.” தாய்சேய் அட்டையை எடுத்துக் காட்டினாள். ரேங்க் கார்டு காட்டுகிற மாதிரி முகத்தில் அத்தனை பெருமை.

வாய் வரைக்கும் வந்தது. அவள் என் கையைப் பிடித்து வயிற்றில் வைத்தாள், “ஒதைக்குது பாருங்கக்கா.” ஒதைத்தது. நான் எழுந்து வந்துவிட்டேன்.

மார்ச் 5, செவ்வாய்

சண்டை. அக்ஷரா பக்கத்து வீட்டில் இருந்ததால் பிழைத்தோம்.

நீங்க சொல்லலைன்னா நான் சொல்லிருவேன், சட்டமாவது கிட்டமாவது, என்னைப் புடிச்சு உள்ள போடட்டும்னேன். “நீ சொன்னா அவன் ஊடு ஒடஞ்சு போயிரும்” என்கிறார். சொல்லாம இருந்தா என்னங்க ஆகும்? அந்த வயித்துல இருக்கறது என்ன பண்ணுச்சு? அது எந்த மூடியத் தொட்டுச்சு?

அவர் அழுதார். “அவன் ஒருத்தன்தான் எங்க மூணு பேர்ல தப்பிச்சுப் போனான் சாரதா. நல்லா இருக்கறான். அவன் நல்லா இருக்கறதப் பாத்துத்தான் நானும் மாத்திரைக்கே போனேன். நான் போய் நின்னா...”

இதுவரை இவர் என்னிடம் சொல்லாத விஷயம் இது. கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து தலையைக் கோதினேன். ஆனாலும் விடவில்லை. “நீங்க குடுத்த வாக்க நான் சாமிகிட்டப் பேசிக்கறேன். அந்தப் புள்ளைகிட்ட என்னால பேச முடியாதுங்க. நீங்க கெளம்புங்க” என்றேன்.

மார்ச் 7, வியாழன்

போனார்.

வீட்டு வாசலுக்குப் போகவில்லை, அவன் வேலை பார்க்கிற நிட்டிங் கம்பெனி கேட்டில் போய் நின்றிருக்கிறார். முருகவேல் பார்த்ததும் திரும்பி நடந்திருக்கிறான். பின்னாலேயே போகவும், கூப்பிட வந்திருக்கிறார் என்று நினைத்துச் சட்டையைப் பிடித்துத் தள்ளிவிட்டான். “உங்க கால்ல வேணா உழறனுங்கண்ணா, என்னை உட்ருங்க” என்றானாம்.

இவர் இரண்டே வார்த்தைதான் சொல்லியிருக்கிறார். “எனக்கு எச்ஐவி வந்துருச்சு முருகா. லிங்கசாமியண்ணனுக்கு இல்ல.”

அவனுக்கும் அந்த வரிசை தெரியுமே. நூல் கோன் அட்டைப்பெட்டி மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டானாம். ஷிப்டு மணி அடித்த பிறகும் இரண்டு பேரும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்களாம். சனிக்கிழமை இரண்டு பேரும் நதியாவிடம் போகிறார்கள். இவர் சட்டையில் பட்டன் இரண்டு போயிருந்தது. வைத்துத் தைத்துக் கொடுத்தேன்.

மார்ச் 9, சனி

முருகவேலுக்கு இருக்கிறது.

அனுப்ரியாவைக் கூட்டி வரச் சொல்லியிருக்கிறாள் நதியா, தாமதிக்கவே கூடாதென்று. மையத்திலிருந்து நேரே எங்கள் வீட்டுக்கு வந்தான். காபி கொடுத்தேன், ஆடை கட்டுகிற வரைக்கும் வைத்துக்கொண்டிருந்தான். “நாளைக்கு விருந்துங்கக்கா. ஒறம்பரையெல்லாம் பாதி வந்தாச்சு. நான் எப்பிடிங்க அவ மொகத்தப் பாக்கறது?”

எனக்கு மட்டும் என்ன தெரியும்? நாளைக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம் சாமி, அவள் ஆசைப்பட்ட சோறு நிம்மதியாகச் சாப்பிடட்டும், ஆனால் காரில் மட்டும் ஏறவிட்டுவிடாதே என்றேன். சரி என்று தலையாட்டினான். முகத்தைப் பார்த்தால் காணாமல் போய்விடுவான் போலத்தான் இருந்தது. நாளைக்கு இருப்பானா?

மார்ச் 10, ஞாயிறு

இருந்தான்.

அனுப்ரியா அரக்குப் பட்டில் அத்தனை அழகு. கன்னத்தில் சந்தனம், கை நிறைய வளையல். பழனியம்மாள் தூக்குப்போசி தூக்குப்போசியாகச் சோறு இறக்கினார். நல்ல ருசி. எனக்குத்தான் ஒரு வாயும் இறங்கவில்லை.

நல்ல நேரம் முடிவதற்குள் கிளம்ப வேண்டும் என்று பெட்டி, தலையணை எல்லாம் காரில் ஏற்றியாயிற்று. அனுப்ரியாவும் ஏறி உட்கார்ந்துவிட்டாள். முருகவேல் போய்க் கார் கதவைப் பிடித்துக்கொண்டான்.

“நாளைக்கு ஒரு ரத்த டெஸ்டு பாக்கி இருக்குதுங்கத்தை. பாத்துட்டு நானே கூட்டிட்டு வந்து உடறனுங்க.”

“என்னங்க மாப்ளே பேசறீங்க? சோறு கட்டியாந்து போட்டுட்டு வெறுங்காரோட போறதா? எங்கூர்ல சிரிப்பாச் சிரிக்க மாட்டாங்களா?” என்றார் பழனியம்மாள். அபசகுனம் என்று யாரோ முணுமுணுத்தார்கள். பெண்ணை அனுப்ப மனசில்லை போல என்று யாரோ கேலி பண்ணினார்கள். அனுப்ரியா முகம் சிவந்து, “கைய எடுங்க” என்றாள் அவனிடம், எல்லோர் முன்னாலும்.

அவன் எடுக்கவில்லை. நான் போய் நின்று, “டாக்டர் சொன்னாக் கேக்கோணுமுங்க, ஒரு நாள்தானுங்களே” என்றேன். பழனியம்மாள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! கடைசியில் பெட்டியை இறக்கிவிட்டார்கள். கார் வெறுமனே போனது. அனுப்ரியா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மார்ச் 11, திங்கள்

அனுப்ரியாவுக்கும் இருக்கிறது. பழனி முருகா.

மார்ச் 12, செவ்வாய்

அவளுக்கு மாத்திரை ஆரம்பித்துவிட்டார்கள். நேற்றே. நதியா ராத்திரி வரைக்கும் கூடவே இருந்தாளாம். அந்தப் பெண்ணுக்கு நல்லது நடக்கட்டும்.

இன்றைக்கு என் டேபிளில் கறை பீஸ் பத்து நல்லதோடு சேர்ந்து போய்விட்டது. கண் தெரிந்தால்தானே.

மார்ச் 15, வெள்ளி

வேலை முடிந்து வந்தால் அனுப்ரியா வாசலில் நிற்கிறாள். தனியாக. உள்ளே வரவில்லை.

“அன்னைக்குக் கொய்யாப்பழம் கொண்டாந்தீங்களே. அன்னைக்கே உங்களுக்குத் தெரியுமுங்களா?”

“சந்தேகம் இருந்துச்சு கண்ணு.”

“சந்தேகத்த வெச்சுக்கிட்டு உப்புப் போட்டு ஊட்டியுட்டீங்க. நாலு மாசமா சாமி கும்புட்டுட்டு வர்ற மனுசன்னு நான் எங்கம்மாகிட்டப் பீத்திக்கிட்டு இருந்தேன். உங்களுக்கெல்லாம் எல்லாம் தெரிஞ்சிருக்குது. தெரியாத ஒரே கிறுக்கி நாந்தான்.”

கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலாம். சட்டம், நதியா சொன்னது, இவர் கொடுத்த வாக்கு எல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். அவள் சொன்னது அத்தனையும் உண்மை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து போனாள். ஆட்டோ பிடித்துத் தருகிறேன் என்று பின்னால் போனேன். திரும்பிப் பார்க்கவில்லை.

மார்ச் 19, செவ்வாய்

முருகவேலை இரண்டு நாளாகக் காணோம். இவர் சாப்பிடாமல் கொள்ளாமல் தேடினார். கடைசியில் லிங்கசாமி அண்ணன்தான் கண்டுபிடித்தார், யாரோடு எங்கே போய்ச் சேர்ந்திருப்பான் என்று அவருக்குத்தானே தெரியும். மறுபடி ஊசி போட்டிருந்தவனைக் கையோடு மையத்துக்குக் கூட்டிப்போய் நாக்கடி மாத்திரைக்குப் பதிந்துவிட்டார்கள். லிங்கசாமி அண்ணனும் கூடவே பதிந்துகொண்டார். சத்தியத்தைக் காப்பாற்றிவிட்டார், மனுஷன்.

மூன்று பேரும் பழையபடி ஒன்றாகப் போகிறார்கள், ஒன்றாக வருகிறார்கள். இந்தக் கூட்டைப் பார்த்தாலே எனக்கு ஒரு காலத்தில் பற்றிக்கொண்டு வரும்.

ஏப்ரல் 20, சனி

மையத்தில் அனுப்ரியாவைப் பார்த்தேன். நான் உட்கார்ந்ததும் எழுந்து இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்தாள். கால் வீங்கியிருக்கிறது. மாத்திரை ஒரு வேளைகூட விடவில்லை என்று நதியா சொன்னாள்.

மே 11, சனி

எனக்கு இந்தத் தடவையும் இல்லை. இவர் பாக்கு மட்டைத் தட்டில் ஜிலேபி வாங்கி வந்தார். அக்ஷரா எதற்கு என்றாள். பத்தாவது பாஸ் பண்ணியதற்கு என்றோம். நேற்றே அதற்கு லட்டு சாப்பிட்டாயிற்றே என்றாள்.

மே 19, ஞாயிறு

பெண் குழந்தை. திருப்பூரிலேயே, அரசு ஆஸ்பத்திரியில். இரண்டும் நலம். பிறந்ததும் குழந்தைக்குச் சொட்டு மருந்து கொடுத்துவிட்டார்களாம். தினமும் கொடுக்க வேண்டும். ஒன்றரை மாசத்தில் முதல் டெஸ்டு.

நான் போகவில்லை. இவர் வாசலில் நின்று பார்த்துவிட்டு வந்தார்.

ஜூன் 1, சனி

அங்கே பெரிய ரகளையாம். பழனியம்மாள் மகளையும் பேத்தியையும் உடுமலைக்குக் கூட்டிப்போக வந்தார். அனுப்ரியா வர மாட்டேன் என்றுவிட்டாள். அம்மா வீட்டில் பெரியப்பன் குடும்பம், சித்தப்பன் குடும்பம் எல்லாம் ஒரே வாசல். தினமும் குழந்தைக்கு என்ன மருந்து, உனக்கு என்ன மாத்திரை என்று கேட்க நாலு பேர். என்னவென்று ஒளிப்பாள்? பெற்றவள் வீட்டுக்கு வராத பெண்ணை இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்று பழனியம்மாள் அழுதுகொண்டே பஸ் ஏறினாராம். முருகவேலுக்கு நைட் ஷிப்டு. பிள்ளை பெற்றவள் தனியாகத் தண்ணீர் தூக்கிக் குளிக்கிறாள்.

ஜூன் 2, ஞாயிறு

போனேன். “எங்க ஊட்டுக்கு வந்துரு அம்மிணி. என் மொகத்தப் பாக்க வேண்டாம், பேச வேண்டாம். நான் பாட்டுக்குச் சுடுதண்ணி வெச்சுத் தர்றேன், பத்தியச் சோறு போடறேன். அவ்வளவுதான்” என்றேன். குழந்தையைத் தட்டிக்கொண்டே சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

ஜூன் 3, திங்கள்

சாயங்காலம் ஆட்டோ வந்து நின்றது. முருகவேல் பெட்டியை இறக்கினான். அவள் குழந்தையோடு நேரே உள் அறைக்குப் போனாள்.

அக்ஷராவுக்குத் தலைகால் புரியவில்லை. மருந்து எதற்கு என்று கேட்டாள். குழந்தைக்குச் சளி பிடிக்காமல் இருக்க என்றேன். எத்தனை நாளைக்கு இப்படிச் சொல்ல முடியும் இந்தப் பெண்ணிடம்?

ஜூன் 16, ஞாயிறு

தட்டில் போட்டால் சாப்பிடுகிறாள். போதும் என்று சொல்ல மாட்டாள், வேண்டும் என்றும் கேட்க மாட்டாள். பூண்டு, கருவாடு, பால்சுறா என்று பார்த்துப் பார்த்துச் செய்கிறேன். தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விடுகிறாள். அக்ஷராவிடம் மட்டும் பேச்சு உண்டு.

இவர் குழந்தை இருக்கிற பக்கமே போவதில்லை. தொட்டால் வராது என்று இவருக்கே தெரியும், இருந்தாலும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தள்ளி நின்று பார்க்கிறார். இன்றைக்கு அது வீரிட்டு அழுதது. நான் அடுப்பில், அக்ஷரா மாடியில், அனுப்ரியா ஈரத் தலையோடு துவட்டிக்கொண்டிருந்தாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தவள் இவர் மடியில் வைத்துவிட்டுப் போய்த் தலையைத் துவட்டினாள். இவர் அசையவே இல்லை. மூச்சு விட்டாரா என்பதே சந்தேகம். குழந்தை கொஞ்ச நேரத்தில் அழுகையை நிறுத்திவிட்டது. இவர்தான் நிறுத்தவில்லை.

ஜூலை 2, செவ்வாய்

குதிகாலில் குத்தி ரத்தம் எடுத்தார்கள். அது அழுத அழுகையில் அந்த வரிசையே திரும்பிப் பார்த்தது. ரிசல்ட்டு வர இரண்டு மூன்று வாரம் ஆகுமாம்.

ஜூலை 11, வியாழன்

யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. போன் அடித்தால் வீடே நின்றுவிடுகிறது. இன்றைக்கு அடித்தது கேஸ்காரன்.

ஜூலை 19, வெள்ளி

ஆடி வெள்ளி, கம்பெனியில் பூஜை என்று மதியமே விட்டுவிட்டார்கள். வந்து செருப்பைக் கழற்றும்போது உள்ளே போன் அடித்தது. அனுப்ரியாவுடைய போன். தாய்க்குத்தான் சொல்லுவார்கள், வேறு யாரிடமும் சொல்ல மாட்டார்கள். வாசலிலேயே நின்றேன்.

“சொல்லுங்க” என்றாள். அப்புறம் “ம்” என்றாள். இன்னொரு “ம்”. “பதினெட்டு மாசம் வரைக்குமுங்களா? ம். மருந்த நிறுத்தாமக் குடுக்கறனுங்க. ம். சரிங்க.” போனை வைத்துவிட்டாள். அந்த “ம்”மிலிருந்து எதையும் என்னால் எடுக்க முடியவில்லை. முருகா, முருகா என்றே நின்றேன்.

அவளே வெளியே வந்தாள். குழந்தை தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. என்னை நேராகப் பார்த்தாள். மார்ச்சுக்குப் பிறகு இப்போதுதான் பார்க்கிறாள்.

“கொழந்தைக்கு இல்லையாம்” என்றாள்.

நான் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். இன்னும் இரண்டு மூன்று டெஸ்டு பாக்கி இருக்கிறதாம், ஆனால் இது நல்ல சேதி என்று நதியா போனிலேயே அழுதுவிட்டாளாம். அனுப்ரியா அழவில்லை. என் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். அவளுக்கு இருக்கிறது, அது போகாது. அதை மறந்துவிட்டவள் முகம் இல்லை அது. தெருவில் துணி மூட்டை ஏற்றின ஆட்டோ ஒன்று போனது. அது போய் முடிகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்புறம் சொன்னாள்: “எனக்குப் பசிக்குதுங்கக்கா. சோறு இருக்குதா?”

காலையில் வைத்த ரசமும் பருப்பும்தான் இருந்தது. முட்டை ஒன்று பொரித்துப் போட்டேன். இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.